கேஸ் மேல் பழி போடுமுன்

மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்குகளின் கைபேசிக்கு ஓய்வே கிடையாது. அழைப்பவர் யாராக இருந்தாலும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்.

“தம்பி, ஏசி ஓடுது, காத்தும் வருது. ஆனா ரூம் குளிர மாட்டேங்குது.”

“கேஸ் போயிருக்கும் சார். வந்து ஃபில் பண்ணிடறேன். மூவாயிரம் ஆகும்.”

மெஷினைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அதற்குள் கோளாறும் தெரிந்துவிட்டது, கூலியும் முடிவாகிவிட்டது. அந்த மூவாயிரத்தை எடுத்து நீட்டியவர்களில் பலர் அடுத்த கோடையில், சிலர் அடுத்த தீபாவளிக்குள்ளேயே, அதே எண்ணுக்கு மறுபடி போன் செய்கிறார்கள். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருளில்லை. ஏசியைப் பற்றி நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு தவறான எண்ணம் அவர்கள் வேலையை எளிதாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியில் கேஸ் தீரும், வருஷத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும் என்பதே அந்த எண்ணம்.

தீராது. தொழிற்சாலையில் அடைத்த கேஸ் மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும், எரியாது, செலவாகாது. ஏசியைப் பழைய இரும்புக்குப் போடுகிற நாள் வரை அதே கேஸ், அதே அளவில் இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அப்படி ஓட்டை இல்லாமலே, கேஸ் சரியாக இருந்தும் குளிராத ஏசிகள் ஏராளம். அவற்றில் பலவற்றைச் சரிசெய்யக் காலணா செலவில்லை.

ஏசியின் வேலை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவது. உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் இண்டோரின் காயிலில் கேஸ் வெப்பத்தை உறிஞ்சும். அவுட்டோரில் இருக்கும் கம்ப்ரஸர் அந்தக் கேஸை இழுத்து அழுத்தி அங்குள்ள காயிலுக்குத் தள்ள, வெப்பம் தெருக்காற்றில் கலந்துவிடும். 1.5 டன் ஏசி என்கிறோமே, அந்த டன் மெஷினின் எடையல்ல. 2000 பவுண்டு பனிக்கட்டி, அதாவது சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் 1 டன். குளிர்ச்சி வேண்டுமானால் பனிக்கட்டியை விலைக்கு வாங்க வேண்டியிருந்த காலத்துக் கணக்கு. சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842இல் எழும்பிய கட்டடம்தான்.

இன்றைய அளவில் சொன்னால் 1.5 டன் ஏசி சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து அள்ளும். அதற்கு ஏறக்குறைய 1.5 கிலோவாட் மின்சாரம் பிடிக்கும். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அவுட்டோர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆக, அவுட்டோர் கொட்ட வேண்டியது 6.8 கிலோவாட். அள்ளும் இடத்தில் தடையா, கொட்டும் இடத்தில் தடையா, நடுவில் சுமக்கும் கேஸில் குறையா? கோளாறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். முதல் இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதில் கைவைப்பதுதான் நம் ஊர் வழக்கமாகிவிட்டது.

அதற்கும் முன்னால் ரிமோட். சிரிக்க வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில்தான் பாதிப் பிரச்சினை. திரையில் பனிப்பூ போன்ற குறி இருந்தால்தான் கூல் மோட். நீர்த்துளி தெரிந்தால் டிரை மோட். காற்றாடி தெரிந்தால் வெறும் ஃபேன், கம்ப்ரஸர் ஓடவே ஓடாது. புதிய இன்வெர்ட்டர் ஏசிகளில் ‘கன்வெர்ட்டிபிள்’ என்று ஒரு வசதி வேறு: மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஏசியின் திறனை 80, 60, 40 சதவீதம் எனக் குறைத்துக்கொள்ளலாம். மார்கழியில் யாரோ 40 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். மே மாதத்தில் அந்த 1.5 டன் மெஷின் அரை டன்னுக்குச் சற்று மேலான வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

இன்னொரு மயக்கம் 16 டிகிரி. எண்ணைக் குறைத்தால் வேகமாகக் குளிரும் என்று நினைத்து ஆளாளுக்குக் கீழே இறக்குகிறார்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 24இல் வைத்தாலும் 16இல் வைத்தாலும் அறை 24 டிகிரியைத் தொட ஒரே நேரம்தான் ஆகும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ., ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதற்கும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது. 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இன்வெர்ட்டர் ஏசியிலோ, அறை குளிரக் குளிரக் கம்ப்ரஸரின் வேகம் குறையும். காற்று வரும் வாயில் கைவைத்தால் முன்புபோல ஜில்லென்று இருக்காது. அது கோளாறல்ல.

ரிமோட் சரியென்றால் அடுத்து ஃபில்டர். இண்டோரின் முன்மூடியைத் தூக்கினால் இரண்டு பிளாஸ்டிக் வலைகள் கைக்கு வரும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டிய பொருள். பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வலை தெரியாது, சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்ததுபோல ஒரு படலம்தான் தெரியும். தூசி படியாத பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விழும்படி பிடித்தால் படலம் உரிந்து விழும்; முன்பக்கம் காட்டினால் அழுக்கு வலைக்குள்ளேயே போய் அப்பிக்கொள்ளும். வெயிலில் காயப் போடாமல் நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும்.

ஃபில்டர் அடைபட்டால் என்ன ஆகும் என்பது கொஞ்சம் விசித்திரமானது. காற்று குறைந்துவிடுவதால் காயிலுக்கு வந்து சேரும் வெப்பமும் குறையும். காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகச் சொட்டுவதற்குப் பதில் காயில் மேலேயே பனிக்கட்டியாக உறையும். உறைந்த பனி மிச்சமிருந்த காற்று வழியையும் மூடும். ஆக, ஏசிக்குள் ஐஸ் கட்டியிருக்கும்; அறையோ புழுங்கும்! இப்படி வெள்ளையாக ஐஸ் தெரிந்தால் உடனே கூல் மோடை நிறுத்தி, ஃபேன் மோடில் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். ஐஸ் தானாக உருகிவிடும். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டினால் காயிலில் ஓட்டை விழுந்து, இல்லாத கேஸ் பிரச்சினையை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஃபில்டரைக் கழுவியும் காற்று பலமாக வரவில்லை என்றால் ப்ளோயரைச் சந்தேகிக்கலாம். காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் நீள உருளை ஒன்று தெரியும். அதன் மெல்லிய இதழ்களுக்கிடையே கறுப்பாக அழுக்கு அடைந்திருந்தால் உருளை சுற்றும், காற்று வராது. இதை வீட்டில் சுத்தம் செய்ய முடியாது. மெக்கானிக்குகள் ‘ஜெட் சர்வீஸ்’ என்று சொல்லும் தண்ணீர் அடிக்கும் வேலை இதற்குத்தான். அது இண்டோரைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை கட்டிச் செய்கிற வேலை. ஃபில்டரைத் தட்டிவிட்டு, மூடியைத் துணியால் துடைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் சர்வீஸ் அல்ல.

இண்டோரை மாட்டிய இடமும் ஏமாற்றும். அது காற்றை மேல்பக்கத்திலிருந்துதான் இழுக்கிறது. லாஃப்ட்டை ஒட்டியோ, அழகுக்குப் போட்ட ஃபால்ஸ் சீலிங் விளிம்பை இடித்துக்கொண்டோ மாட்டினால் இழுக்க இடமிருக்காது. தான் விட்ட குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும். அங்கே இருக்கும் சென்சார் ‘அறை 24 டிகிரிக்கு வந்துவிட்டது’ என்று நம்பிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும். மெஷினில் ஒரு குறையும் இருக்காது. எத்தனை முறை கேஸ் நிரப்பினாலும் இது தீராது.

மெஷின் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே இரண்டு சோதனைகள் இருக்கின்றன. நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை, ஏசி ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து, முதலில் இண்டோரின் மேல்பக்கமும் பிறகு காற்று வரும் வாயிலும் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் நலம். அறையில்தான் எங்கோ கோளாறு. மூன்று நான்கு டிகிரிதான் என்றால் மெஷினைப் பார்த்தாக வேண்டும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு டிரெயின் பைப் இருக்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அங்கே ஏசி ஒழுங்காகக் குளிர்வித்தால் பக்கெட்டில் தண்ணீர் விடாமல் சொட்டியாக வேண்டும். மணிக்கணக்கில் ஓடியும் பக்கெட் காய்ந்து கிடந்தால், ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏசி வெறும் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது அவுட்டோர். வாங்கிய அன்று பார்த்ததோடு சரி, பிறகு யாரும் அதன் முகத்தில் விழிப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கட்டடத்தின் அழகு கெடக் கூடாதென்று எல்லா அவுட்டோர்களையும் குறுகலான டக்ட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிடுகிறார்கள். முதல் மாடி ஏசி கொட்டிய அனலை இரண்டாம் மாடி ஏசி இழுக்கும். அது கொட்டியதை மூன்றாம் மாடி இழுக்கும். ஏசியின் டன் கணக்கை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில்தான். மே மாதச் சென்னைக்கு 40 டிகிரி புதிதல்ல. 2003 மே 31 அன்று 45 டிகிரியையே தொட்டது. டக்ட்டுக்குள் அதைவிடவும் கூடும். மேல்மாடிக்காரர் 1.5 டன்னுக்குக் காசு கொடுத்திருப்பார், மத்தியானம் அவருக்குக் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. இதில் மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. கட்டடத்தை வரைந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

தனி வீடுகளிலும் இதே கதையின் சில்லறைப் பதிப்புகள் உண்டு. அவுட்டோரின் முன்னால் குறைந்தது ஒரு மீட்டராவது திறந்த வெளி வேண்டும். அந்த இடத்தில் துணிக்கொடி கட்டுவார்கள். பழைய மெத்தையைச் சாய்த்து வைப்பார்கள். வெயில் படக் கூடாதென்று நான்கு பக்கமும் தகரம் அடிப்பார்கள். பின்பக்கக் காயிலில் புறா கூடு கட்டும். தெருவோர வீடென்றால் தூசியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அலுமினியத் தகடுகளுக்கிடையே மெழுகியதுபோல் அடைத்துக்கொள்ளும். கடற்கரையோரம் வேறு மாதிரி: உப்புக் காற்றில் அந்தத் தகடுகள் அரித்து, தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். இவை எல்லாவற்றின் விளைவும் ஒன்றே. வெப்பத்தைக் கொட்ட வழியில்லாமல் கம்ப்ரஸர் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். இராத்திரி பன்னிரண்டு மணிக்கு நன்றாகக் குளிர்கிற ஏசி, பகல் இரண்டு மணிக்கு மட்டும் சண்டித்தனம் செய்தால் முதல் சந்தேகம் அவுட்டோர் மேல்தான் விழ வேண்டும்.

இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளில் சின்னதாக ஒரு வில்லன் உண்டு: கெபாசிட்டர். அவுட்டோருக்குள் உருளையாக நிற்கும். கம்ப்ரஸரும் அவுட்டோர் ஃபேனும் கிளம்ப இது தரும் உந்துதல் வேண்டும். வெயிலில் கிடந்து கிடந்து அது பலவீனமானால் கம்ப்ரஸர் ‘உம்ம்’ என்று சில நொடி முனகிவிட்டு, ‘டக்’ என்று அடங்கிவிடும். உள்ளே ப்ளோயர் வழக்கம்போல ஓடும், காற்று வரும், குளிர் மட்டும் இருக்காது. புகாரும் அப்படியே “ஏசி ஓடுது, கூலிங் வரல” என்றுதான் இருக்கும். மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய் ஆகும் இந்தப் பொருளுக்காகக் கேஸ் நிரப்பிக்கொண்டவர்கள், ஏன், புதுக் கம்ப்ரஸரே போட்டவர்கள்கூட உண்டு. மெக்கானிக் மல்ட்டிமீட்டரில் அளந்து, மேலே அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் இதைத் திறந்து பார்க்க ஆசைப்படக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் இதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

கோடை இரவில் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் இறங்குவதும் இதே அறிகுறியைத்தான் காட்டும். ஸ்டெபிலைசரில் இருக்கும் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டாச்டு பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் குளிர்ந்த காற்று அந்த வழியே போய்விடும். ஆனால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் மேல்தள அறை தனி ரகம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணி வரை அந்த அனலை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். கீழ்வீட்டில் 1 டன் போதுமான அதே அளவு அறைக்கு மேலே 1.5 டன்னும் திணறும். அந்தக் காலத்தில் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே தட்டோடு பதித்தது மழைக்காக மட்டும் அல்ல. இன்று அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு ஏசியிடம் வசூலிக்கப் பார்க்கிறார்கள். மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிப்பது பெரிய ஏசி வாங்குவதைவிட மலிவு.

இத்தனையும் சரியாக இருந்து குளிரவில்லை என்றால், அப்போது கேஸ். அதற்கும் அடையாளம் உண்டு. அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் நட்டு போட்டு இணைத்திருக்கும். ஏசி நன்றாக ஓடும்போது தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாகப் பனி படிந்து, தடித்தது வறண்டு கிடந்தால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது. பால்கனியில் நின்று பார்க்க முடிந்தால் பார்க்கலாம். சன்ஷேடில் இறங்கிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

ஓட்டை எங்கே என்பதையும் குழாயே காட்டிக்கொடுக்கும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கலந்துதான் சுற்றுகிறது. கசியும் இடத்தில் கேஸ் காற்றில் போய்விடும், ஆயில் தங்கிவிடும். அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு பிசுக்கு உண்டாகும். நட்டைச் சுற்றி அப்படி இருந்தால் சோப்பு நுரையைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். ஊசிமுனை அளவு குமிழ் ஒன்று மெதுவாக ஊதிப் பெரிதாகி உடையும். அதே இடத்தில் அடுத்தது முளைக்கும். பெரும்பாலும் நட்டை இறுக்கினாலோ, குழாயின் விரிந்த முனையைப் புதிதாகச் செய்தாலோ போதும். காயிலே அரித்துப் போயிருந்தால்தான் பெரிய செலவு. கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் போன்ற கழிவுநீர் ஓடும் இடங்களின் ஓரம் வசிப்பவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. சாக்கடை வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்கடித்து அரிக்கக் கூடியது.

முறையான வேலைக்கு ஒரு வரிசை உண்டு. மிச்சமிருக்கும் கேஸை எடுத்துவிட்டு, நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது இழுக்க வேண்டும். அதன் பிறகே, எடை பார்க்கும் தராசில் சிலிண்டரை வைத்து, அவுட்டோரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொல்லியிருக்கும் கிராம் கணக்கில் கேஸ் ஏற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாக ஊற்றுவது பழைய ஆர்-22 கேஸ் காலத்துப் பழக்கம். இன்வெர்ட்டரில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறும். கேஜை மட்டும் நம்ப முடியாது. அளவு கூடினாலும் ஏசி குளிராது. நைட்ரஜன் கையில் இல்லையென்று வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டப் போகிறவரைக் கண்டால் உடனே தடுத்து நிறுத்துங்கள். கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

எந்தக் கேஸ் என்பதும் முக்கியம். ஆர்-22 மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி 2030க்குள் ஏறக்குறைய முழுவதும் விடைபெற வேண்டிய சரக்கு. இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. சிலவற்றில் ஆர்-290, அது புரொபேன்தான். ஆர்-32 லேசாகவும் ஆர்-290 நன்றாகவும் தீப்பிடிக்கும். ஒன்றுக்கு உரிய மெஷினில் இன்னொன்றை ஏற்றக் கூடாது. ஆர்-32இல் ஒரு கிலோ காற்றில் கலந்தால், கரியமில வாயு சுமார் 675 கிலோ கலந்ததற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓட்டையை விட்டுவிட்டு வருஷாவருஷம் டாப்-அப் செய்யும் வீடு, காசு கொடுத்துத் தன் தெருவையே இன்னும் கொஞ்சம் சூடாக்குகிறது.

ஆகவே “கேஸ் போயிருக்கு” என்று மெக்கானிக் சொன்னால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “லீக் எங்கே தம்பி? எத்தனை கிராம் ஏத்தப் போறீங்க?” முதல் கேள்விக்கு இடத்தைக் கைகாட்ட வேண்டும், இரண்டாவதற்குத் தராசை எடுத்து வைக்க வேண்டும். கேஸின் பெயர், எடை, அடைத்த இடம், எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய நான்கையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி சர்வீஸாக இருந்தாலும் இதில் தயவு வேண்டாம். பில் இருந்து, மூன்று மாதத்தில் மறுபடி அதே பல்லவி பாடினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யலாம்.